ஒடியாவை ஒடியாவிலிருந்தே கொண்டுவாருங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழிபெயர்ப்பு நூல்கள் வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மலையாளத்தில் ஒரு நாவல் பேசப்பட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் அது நந்தனம் புத்தகக் கண்காட்சியில் உங்கள் அரங்கில் இருக்கிறது. வங்கத்துக்கு த.நா. குமாரசாமி காலத்திலேயே பாதை போட்டாயிற்று. சரத் சந்திரரைத் தமிழ் எழுத்தாளர் என்றே நினைத்துப் படித்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. இந்த வரிசையில் ஒடியாவைத் தேடினால், பொதுத்துறை நிறுவனங்கள் எப்போதோ போட்டு, இப்போது பழைய புத்தகக் கடைகளில் தட்டுப்படுகிற சில நூல்கள்தான் கிடைக்கும். அவற்றிலும் பல இந்தி வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ வந்தவை. சென்ட்ரலில் காலையில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர், பிரம்மபூரிலிருந்து பாலேஸ்வர் வரை ஒடிசா முழுவதையும் ராத்திரித் தூக்கத்தில் தாண்டிவிட்டு, விடிந்ததும் வங்கத்தில் கண் விழிப்பார். தமிழ் வாசகர்களும் அப்படித்தான் ஒடியாவைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒடியா நூல்களை ஒடியாவிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். எதைக் கொண்டுவருவது என்று முடிவு செய்ய விருதுப் பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள்.

வேலை காரணமாகக் கட்டக்கிலும் புவனேஸ்வரிலும் பல வருடம் இருந்ததில் ஒடியா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன் நான். ஒடியா நாவலாசிரியர் ஃபகீர் மோகன் சேனாபதியைத் தமிழில் போடலாமே என்று உங்களில் ஒருவரிடம் கேட்டேன். “ஞானபீடம் வாங்கியவரா?” என்றார். ஞானபீட விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1965-இல். ஃபகீர் மோகன் இறந்தது 1918-இல். நல்ல மனிதர், நல்ல புத்தகங்கள் போடுகிறவர்தான்; அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒடியா என்றால் நம் கையில் இருக்கிற அளவுகோல் இவ்வளவுதான் என்பதற்காகச் சொல்கிறேன். 2014-இல் ஒடியாவுக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தபோதும் இங்கே பலரும் கேட்டது “அவங்களுக்குமா?” என்றுதான்.

இத்தனைக்கும் கலிங்கம் நமக்கு அந்நியமில்லை. கலிங்கத்துப்பரணியைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். கருணாகரத் தொண்டைமானின் படைக்குத் தோற்றதாகச் செயங்கொண்டார் பாடும் அனந்தபன்மன்தான் இன்று புரியில் நிற்கும் ஜகன்னாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன். அவன் தாய் சோழ இளவரசி. அந்தப் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. காஞ்சி அரசன் தன் மகள் பத்மாவதியை ஒடிசா அரசன் புருஷோத்தம தேவனுக்குத் தர மறுக்கிறான். தேரோட்டத்தில் துடைப்பம் பிடித்துத் தேர்த்தட்டைப் பெருக்குகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்கிறான். புருஷோத்தமன் படையெடுத்துப் போகிறான். அவனுக்கு முன்னால் கறுப்புக் குதிரையிலும் வெள்ளைக் குதிரையிலும் இரண்டு வீரர்கள் போகிறார்கள். தாகத்துக்கு மாணிக்கா என்ற இடைச்சியிடம் தயிர் வாங்கிக் குடிக்கிறார்கள். காசுக்குப் பதில் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, பின்னால் வரும் ராஜாவிடம் வாங்கிக்கொள் என்கிறார்கள். அது ஜகன்னாதரின் மோதிரம். ‘காஞ்சி காவேரி’ என்று இதற்குக் காவியம் உண்டு, நாடகம் உண்டு. புரி கோயில் வளாகத்தில் காஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பிள்ளையாரும் உண்டு. நம் வெற்றியை நாம் பாடினோம், அவர்கள் வெற்றியை அவர்கள் பாடிக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கிற வாய்ப்பு தமிழ் வாசகனுக்கு இன்னும் அமையவில்லை.

பழைய சண்டை இருக்கட்டும். நான் முதலில் கேட்பது ஃபகீர் மோகனின் ‘ச மாண ஆட்ட குண்ட’ நாவலை. தலைப்பு ஒரு நில அளவு. ஏறக்குறைய ஆறேகால் ஏக்கர். 1897 முதல் ‘உத்கள சாகித்ய’ பத்திரிகையில் தொடராக வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இங்கே ‘கமலாம்பாள் சரித்திரம்’ விவேக சிந்தாமணியில் வந்து முடிந்திருந்தது. கதை எளியது. ராமசந்திர மங்கராஜ் என்ற ஜமீன்தார், பகியா, சாரியா என்ற பிள்ளையில்லாத நெசவாளத் தம்பதியின் நிலத்தை வஞ்சகமாகப் பிடுங்கிக்கொள்கிறான். பகியாவுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, சாரியா சாகிறாள், மங்கராஜும் கடைசியில் அழிகிறான். அவன் சொத்து ஒரு வக்கீலின் கைக்குப் போகிறது.

ஆனால் நாவலின் உயிர் கதையில் இல்லை, சொல்கிறவனின் நாக்கில் இருக்கிறது. தொடக்கத்தைப் பாருங்கள். மங்கராஜ் பெரிய பக்திமான். ஏகாதசிக்கு ஏகாதசி தண்ணீரும் துளசியும்தான். அப்படியிருக்க, ஏகாதசி ராத்திரி எஜமானர் அறையில் பாலும் வாழைப்பழமும் பொரியும் வைப்பதாகவும், விடியற்காலையில் காலிப் பாத்திரத்தை எடுத்துக் கழுவுவதாகவும் அவர் வீட்டு நாவிதன் வாய் தவறி உளறிவிடுகிறான். ஊர் சிரிக்கிறது. கதைசொல்லி சிரிப்பதில்லை, மங்கராஜுக்காக வாதாட எழுந்து நிற்கிறான். குடித்ததைக் கண்ணால் கண்ட சாட்சி உண்டா? கேள்விப்பட்டதை எல்லாம் நம்பினால் கோர்ட்டு எதற்கு? பால் ஒரு திரவம், திரவம் ஆவியாகும் என்று விஞ்ஞானம் சொல்கிறதே, ஜமீன்தார் வீட்டுப் பாலுக்கு மட்டும் விஞ்ஞானம் பொருந்தாதா? போதாக்குறைக்கு எலி, ஈ இல்லாத வீடு எங்கே இருக்கிறது? இப்படி வக்காலத்து வாங்கி வாங்கியே மங்கராஜின் தோலை உரித்துவிடுகிறார் ஃபகீர் மோகன். நாவல் முழுக்க இந்தக் குரல்தான். ஊர்க் குளத்தை வர்ணிக்கும் அத்தியாயத்தில், நம்மூர்க் கொக்குகள் நாளெல்லாம் சேற்றைக் கிளறி இரண்டு பொடிமீனுக்கு அல்லாடுகின்றன. எங்கிருந்தோ பறந்து வருகிற மீன்கொத்தி ஒரே பாய்ச்சலில் வயிற்றை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறது. மீன்கொத்தி யார் என்பதை அவர் ஒளிக்கவும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதியது இது, எழுதியவர் சமஸ்தானங்களில் திவானாக வேலை பார்த்தவர்.

மங்கராஜ் மீதான வழக்கு விசாரணை தொடரில் வந்துகொண்டிருந்தபோது, அதை நேரில் பார்க்கக் கிராமத்து ஜனங்கள் கட்டக் கோர்ட்டுக்கு வந்து நின்றார்கள் என்று ஒரு கதை அங்கே சொல்வார்கள். நாவலைப் படித்தவர்களுக்கு அதை நம்புவதில் கஷ்டம் இருக்காது.

இந்தக் குரலை இங்கிலீஷ் வழியாகக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 2005-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு நல்ல மொழிபெயர்ப்புதான். நான்கு பேர் கூடி உட்கார்ந்து செய்தது. அப்படிச் செய்தும் அதில் திண்ணைப் பேச்சு கொஞ்சம் படித்தவர் பேச்சாக மாறியிருக்கிறது. அதிலிருந்து தமிழுக்கு வந்தால் மிச்சமிருக்கிற ஊர்வம்பும் போய்விடும். தமிழில் அந்தக் குரலுக்கு ஆள் இல்லையா என்ன? கி. ராஜநாராயணனைப் படித்து வளர்ந்த மொழி இது. ஒடியாவும் தமிழும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் இங்கிலீஷை விட நமக்குச் சுலபமாக வரும்.

அவருடைய ‘ரேபதி’ சிறுகதையும் (1898) கூடவே வரவேண்டும். படிக்க ஆசைப்படும் பத்து வயதுப் பெண், சொல்லிக்கொடுக்கும் இளம் வாத்தியார், பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று திட்டும் பாட்டி. காலராவில் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். படிப்புதான் இந்தக் குடும்பத்தை அழித்தது என்று பாட்டி கடைசிவரை நம்புகிறாள். ‘நெருப்பே, அடுப்பே’ என்று அவள் பேத்தியை ஏசுவது ஒடிசாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாட்டியைக் கெட்டவளாகக் காட்டாமலேயே எழுதியிருக்கிறார். இன்று எழுதினால் நம்மால் அந்த நிதானத்தைக் காட்ட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஃபகீர் மோகன் பொழுதுபோக்குக்காக எழுத வந்தவர் இல்லை. 1866 பஞ்சத்தில் ஒடிசாவில் சுமார் பத்து லட்சம் பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கு மக்கள், செத்துப்போனார்கள். அதே வருடம் கௌரிசங்கர் ராய் கட்டக்கில் ‘உத்கள தீபிகா’ பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பஞ்சத்தின் சாம்பல் அடங்கும் முன்னே இன்னொரு ஆபத்து வந்தது. ஒடியா தனி மொழியே அல்ல, வங்கத்தின் ஒரு கிளைதான், பள்ளிகளில் வங்கமே போதும் என்ற வாதம் எழுந்தது. 1870-இல் பாலேஸ்வர் பள்ளி ஆசிரியர் காந்திசந்திர பட்டாச்சார்யா அதைப் புத்தகமாகவே எழுதினார். ஃபகீர் மோகன் பாலேஸ்வரில் அச்சகம் வைத்தார், பாடப் புத்தகம் எழுதினார், அதிகாரிகளைப் பார்த்து வாதாடினார். பாலேஸ்வர் கலெக்டராக இருந்த மொழியியலாளர் ஜான் பீம்ஸ் ஒடியாவின் பக்கம் நின்றார். ஒடியா பிழைத்தது.

மேற்கே, மத்திய மாகாணத்தில் இருந்த சம்பல்பூரில் வேறு கதை. அங்கே நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் ஒடியாவை எடுத்துவிட்டு இந்தியை வைக்க 1895-இல் உத்தரவு போட்டார்கள். மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1903-இல் ஒடியா திரும்பி வந்தது. நாம் 1937-இல் தெருவுக்கு வருவதற்கு நாற்பது வருடம் முந்தைய கதை இது. மொழிப்போர் பற்றி மூச்சுக்கு முந்நூறு தடவை பேசுகிற நமக்கு இது தெரியாமல் இருப்பது வேடிக்கைதான். தெற்கே கஞ்சாம் மாவட்டம் 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கிருந்த ஒடியாக்காரர்கள் தங்கள் மொழிக்காக மனுக் கொடுத்தது நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு. 1936 ஏப்ரல் 1-இல் ஒடியா பேசும் பகுதிகள் சேர்ந்து தனி ஒடிசா மாகாணம் ஆயிற்று. ஆந்திரம் பிறக்க இன்னும் பதினேழு வருடம் இருந்தது.

அப்புறம் பழைய இலக்கியம். இங்கேதான் விருதுப் பட்டியல் உங்களைக் கைவிட்டுவிடும். ஒடியாவின் முதல் பெரும் கவிஞர் சாரளா தாஸ், 15-ஆம் நூற்றாண்டில் ஜங்கட என்ற ஊர்ப் பக்கம் உழுது பிழைத்தவர். தன்னைப் படிப்பில்லாத சூத்திரன் என்று தானே சொல்லிக்கொள்வார். சூத்திர முனி என்றே அவருக்குப் பெயர். அவர் எழுதிய மகாபாரதம் வியாசரின் நகல் இல்லை. அதில் தருமன் ஒரு வணிகன் மகளைக் கட்டிக்கொள்கிறான். அதில் கண்ணன் நவகுஞ்சரமாக வருகிறான்: சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடுப்பு, பாம்பு வால், மூன்று கால்கள் மூன்று வேறு மிருகங்களுடையவை, நாலாவது காலுக்குப் பதில் மனிதக் கை. வில்லை எடுத்த அர்ஜுனன் அந்தக் கையைப் பார்த்ததும் கும்பிடுகிறான். புரி பக்கம் ரகுராஜ்பூரில் பட்டச்சித்திரம் வாங்கியவர்கள் இந்த உருவத்தை நிச்சயம் பார்த்திருப்பார்கள். போர் முடிகிற நேரத்தில் ஒரு காட்சி. துரியோதனன் உயிர் தப்பி ஓடுகிறான், குறுக்கே ரத்த ஆறு. மிதந்து வரும் பிணங்களைப் பிடித்துப் பார்க்கிறான், ஒவ்வொன்றும் அமிழ்ந்துபோகிறது. ஒன்று மட்டும் அவனைத் தாங்குகிறது. கரை ஏறி முகத்தைத் திருப்பிப் பார்த்தால் அது அவன் மகன் லக்ஷ்மண குமாரன். வில்லிபுத்தூராரும் பெருந்தேவனாரும் தந்த பாரதத்தோடு தெருக்கூத்துப் பாரதமும் வைத்திருக்கிற நமக்கு, இந்த உழவனின் பாரதத்தில் பத்துக் கதை கூடவா வேண்டாம்?

அதற்கடுத்த நூற்றாண்டில் வந்த பலராம் தாஸின் ‘லக்ஷ்மி புராணம்’ இன்னும் சின்னது, ஒரு மாலையில் படித்துவிடலாம். மார்கசிர மாத வியாழக்கிழமைகளில் ஒடிசாவில் வீட்டுக்கு வீடு பெண்கள் இதை வாசிக்கிறார்கள். ஸ்ரீயா என்ற சண்டாளப் பெண் வாசல் மெழுகித் தாமரைக் கோலம் போட்டுக் கும்பிடுகிறாள். லட்சுமி அவள் வீட்டுக்குள் போகிறாள். அதைப் பார்த்த பலபத்திரன் தம்பி ஜகன்னாதனிடம் சொல்லி, அவன் மனைவி லட்சுமியைக் கோயிலை விட்டுத் துரத்துகிறான். லட்சுமி போனதும் சோறு போகிறது. அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு வருடம் பிச்சை எடுத்து அலைகிறார்கள். கடைசியில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, சண்டாளர் வீட்டுச் சோறு என்று தெரிந்தே சாப்பிடுகிறார்கள். திரும்பி வர லட்சுமி போடும் நிபந்தனை: புரியில் பிராமணனும் சண்டாளனும் பிரசாதத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிச் சாப்பிட வேண்டும். இதை எழுதியது 16-ஆம் நூற்றாண்டில். நடைமுறையில் சாதி அங்கே ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனாலும் கடவுளையே பட்டினி போட்ட ஒரு பெண்ணின் கதையைப் பூஜைப் புத்தகமாக வைத்திருக்கிற ஊர் அது.

ஜகன்னாத தாஸ் பாகவதத்தை ஒடியாவில் பாடியபோது பண்டிதர்கள் அதை ‘செக்கான் பாகவதம்’, அதாவது எண்ணெய் ஆட்டுகிறவனின் பாகவதம், என்று கேலி செய்தார்கள். ஊர்கள் அதற்கென்று தனியாக வீடு கட்டி, விளக்கேற்றி, தினமும் வாசித்தன. 19-ஆம் நூற்றாண்டில் பீம போய் வந்தார். கந்தப் பழங்குடி, அநாதை, மாடு மேய்த்தவர், பார்வையற்றவர் என்று மரபு. உயிர்கள் படும் துன்பத்தைப் பார்த்துப் பொறுக்க முடியவில்லை, என் உயிர் நரகத்தில் கிடந்தாலும் உலகம் உய்யட்டும் என்று பாடினார். திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறிய இராமாநுசரை நமக்கு நினைவு வரும். பீம போய்க்கு ஏற ஒரு கோபுரம்கூட இல்லை. கங்காதர் மெஹர் பர்பாலியில் தறி நெய்தவர். அவர் எழுதிய ‘தபஸ்வினி’, காட்டில் விடப்பட்ட சீதையின் காவியம்.

உபேந்திர பஞ்சனை விட்டுவிடுங்கள் என்பேன். கவி சாம்ராட் என்று அங்கே கொண்டாடுகிறார்கள். ‘வைதேஹீச விலாச’த்தில் அடிதோறும் முதலெழுத்து ‘ப’. யமகம், சித்திரகவி எல்லாம் பார்த்த நமக்கு அது பிடிபடும்தான், மொழிபெயர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. அதைப் பாடக் கேட்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் பெயர்கள் நிறைய. மருத்துவராகவும் கவிஞராகவும் இருந்த குந்தளா குமாரி சாபத், ஞானபீடம் பெற்ற சச்சி ராவுத்ராய், சீதாகாந்த மகாபாத்ரா, பிரதிபா ராய். மனோஜ் தாஸ் 1963 முதல் 2021-இல் இறக்கும் வரை நம் புதுச்சேரியிலேயே இருந்து எழுதினார். பக்கத்துத் தெருவில் இருந்தவரையே நாம் சரியாகப் படிக்கவில்லை. எனக்கு ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க உரிமை என்றால் கோபிநாத் மொஹாந்தியைச் சொல்வேன். அரசு அதிகாரியாகக் கோராபுட் மலைகளில் அலைந்தவர், பழங்குடி மொழிகளைக் கற்றவர். அவருடைய ‘பரஜா’வில் ஒரு வனக்காவலனின் கோபம் அபராதமாகி, அபராதம் கடனாகி, சுக்ரு ஜானி என்ற குடியானவனும் மகன்களும் சாவுகாரிடம் கொத்தடிமை ஆகிறார்கள். நிலம் போகிறது, மகளும் போகிறாள். கடைசியில் கோடாரி எழுகிறது. கொன்றவர்கள் தாங்களே காவல் நிலையத்துக்கு நடந்து போய்த் தண்டனை கேட்கிறார்கள்.

இதைத் தமிழில் படிக்க வேறொரு காரணமும் இருக்கிறது. திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளுக்குப் போய்ப் பாருங்கள். பலாங்கிர், நுவாபடாவிலிருந்து முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வந்த ஒடியாக்காரர்கள் கல் அறுத்துக்கொண்டிருப்பார்கள். பீம போய் பாடித் திரிந்த மேற்கு ஒடிசாதான் அவர்கள் ஊரும். நம் வீட்டுச் சுவரில் இருக்கிற கல்லை அறுத்தவர்களின் மொழியில் கடனைப் பற்றி எழுதிய நாவலைப் படிக்காமல், ‘வடக்கன்’ என்று ஒரு சொல்லில் அவர்களை முடித்துவிடுகிறோம். அகிலா நாயக்கின் ‘பேத’வையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒடியாவில் முதல் தலித் நாவல் என்று சொல்லப்படுவது அது, களம் காளஹாண்டி. பாமாவையும் இமையத்தையும் வாசித்தவர்களுக்கு முன்னுரையே தேவைப்படாது.

சரி, காசு கணக்குக்கு வருகிறேன். ஃபகீர் மோகன், கங்காதர் மெஹர், பீம போய், பழைய கவிகள் யாருக்கும் உரிமைத் தொகை கிடையாது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சமாகும் அந்தப் பணத்தை மொழிபெயர்ப்பாளருக்கும், மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டாவது ஆளுக்கும் கொடுங்கள். அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் எந்த ஒடியா நூலையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஒடியா தெரிந்த தமிழர்கள் எங்கே என்று கேட்பீர்கள். ரூர்கேலா உருக்காலையில், தாமன்ஜோடி நால்கோ அலுமினிய நிறுவனத்தில், ரயில்வேயில், வங்கிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கேயே பள்ளியில் ஒடியா படித்தவர்கள். உங்கள் இணையதளத்தில் நாலு வரி அறிவிப்பு போட்டால் வந்து நிற்பார்கள். முதலில் அவர்களிடம் ‘ச மாண ஆட்ட குண்ட’வின் முதல் அத்தியாயத்தைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஏகாதசிப் பால் எங்கே போயிற்று என்று படிக்கும்போது உங்கள் எடிட்டருக்குச் சிரிப்பு வந்தால் ஆள் கிடைத்துவிட்டார். வரவில்லை என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

கண்காட்சிக்கான பட்டியலை ஆகஸ்டிலேயே முடித்துவிடுவீர்கள் என்று தெரியும். வருகிற வருடத்துக்கு நேரம் போதாது. அதற்கடுத்த வருடத்துக்கு ஒரு நாவலும் லக்ஷ்மி புராணமும் என்று இரண்டு தலைப்புக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு நான் சம்பளம் கேட்க மாட்டேன். ஒரு பிரதி கொடுத்தால் போதும், கட்டக்கில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இன்னொன்று.

இப்படிக்கு,
ஒடியா வாசிக்கத் தெரிந்த ஒரு தமிழ் வாசகன்